பொங்காத கல்

முருங்கனில், கட்டுக்கரை வாய்க்காலுக்கு மேற்கே,
அறுபத்திரண்டாவது மீற்றரில்
துளைக்கோல் பிடிவிட்டு ஒரு முழம் விழுந்தது.
"பிளவு" என்றார் அருளப்பு. பீடியை அணைத்தார்.

மேலே வந்த கல்லில் ஒரு துளி அமிலம் விட்டேன்.
சுண்ணாம்பு என்றால் சோடாப்போத்தல்போலப் பொங்கும்.
இது யோசித்து யோசித்து
ஒரேயொரு குமிழ் விட்டது.
சுரண்டித் தூளாக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.
டொலமைற்.

எப்போதோ தரை விரிந்த வழியால்
கொதித்த உப்புநீர் ஏறியிருக்கிறது,
சிப்பிகளின் வீட்டில் கல்சியத்தைப் பாதிக்குப் பாதி எழுப்பி
மக்னீசியத்தை இருத்தியிருக்கிறது.
வீடு சுருங்க, சுவரெல்லாம் பொந்து.
அப்படிப்பட்ட நீர் சிலவேளை
மடியில் துத்தநாகமும் ஈயமும் கட்டிவரும்;
கந்தகத்தைக் கண்ட இடத்தில் அவிழ்க்கும்.

வில்லையை வைத்துப் பார்த்தேன்.
பொந்துகளில் வெள்ளைப் பளிங்கு.
இங்கே மடி அவிழவில்லை.

காணிக்காரி திரேசம்மா வேலியோடு நின்றாள்.
"என்ன பிள்ளை, ஏதும் கிடக்கோ?"
"ஈயம் இருக்குமோ எண்டு பாத்தம் அக்கா. இல்லை."
"அதுக்கேன் இவ்வளவு ஆழம்?"
செருப்பு நுனியால் மண்ணைக் கிளறி
நசிந்த ரவையொன்றைப் புரட்டினாள்.

பதிவேட்டின் முதல் வரியில்
காலையிலேயே எழுதியிருந்தேன்:
மேல்மண், கருங்களி. குறிப்பிட ஒன்றுமில்லை.