ஓட்டை பார்க்கும் வேலை

காப்பாரில் கையுறைத் தொழிற்சாலை, இரவு ஷிப்டு.
காற்றடைத்த கைகள் என்முன் வரிசையாய் வரும்
ஐந்து விரலும் விறைத்து.
விளக்கில் காட்டி ஓட்டை தேடுவேன்.
ஊசிமுனை அளவு போதும், தூக்கி எறிய.

தம்பி கஜேந்திரன் பிறந்தபோது
மிஸ்ஸி துணியை விலக்கி எண்ணினாள்,
மறுபடி எண்ணினாள்.
இடது கையில் கட்டைவிரல் இல்லை.
கிரகணத்தில் அம்மா கத்தி பிடித்தாள் என்றது லயம்.

ஏழு வயதில் அவன் ரத்தம் வற்றியது.
கோலாலம்பூர் டாக்டர் நோயின் பெயர் சொன்னார்: ஃபான்கோனி.
அம்மா காதில் அது பங்குனி.
"ஐப்பசியிலதானே டாக்டர் பொறந்தான்?"

காகிதத்தில் சதுரம் அப்பா, வட்டம் அம்மா,
இரண்டிலும் பாதி கறுப்பு.
அத்தை மகன், மாமன் மகள்.
சொத்து வெளியே போகக்கூடாதென்று கட்டிவைத்தது.
சொத்தென்று இருந்தது ஒரு தையல் மெஷின்;
வீடுகூடத் தோட்டத்துடையது.

பதினொரு வயதில் என் இடுப்பெலும்பில் ஊசி இறங்கியது.
என் ரத்தம் அவனுக்குள் ஊறத் தொடங்கிற்று.
தீபாவளி இல்லாத நாளில்
அப்பா பட்டாசு வெடித்தார்.
டாக்டர் அப்போதே சொன்னார்:
ரத்தம் இனி அக்காவுடையது.
வாய் அவனுடையதுதான்,
அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நாங்கள் பார்க்கவில்லை.

இருபத்தாறில் நாக்கின் ஓரம் வெள்ளைத் தடிப்பு.
நாலு மாதம் மிளகாய்மேல் பழி போட்டோம்.
கிள்ளானில் கேட்டார்கள்: வெற்றிலையா, சிகரெட்டா, சம்சுவா?
மூன்றும் இல்லை.
"எவன் ஒத்துக்குவான்" என்றார் சித்தப்பா, வராந்தாவில்.
உள்ளே டாக்டரின் விரல்
கையுறையோடு அவன் வாய்க்குள் போனது.
மேசைமேல் பெட்டியைப் பார்த்தேன்.
எங்கள் கம்பெனி.

மற்றவருக்கு மருந்தாகும் கதிர்
இவன் உடம்புக்கு நெருப்பு. கத்தி ஒன்றே வழி.
பாதி நாக்கோடு எழுந்தான்.

நாக்கு நுனி இல்லாமல் 'தேத்தண்ணி' வராது.
'காப்பி'க்கு அடிநாக்கும் உதடும் போதும்.
அதனால் காப்பிக்கு மாறிவிட்டான்.
ஊர்ப்பெயரில் கடைசி எழுத்து விழுந்துவிடுகிறது.
'அக்கா' மட்டும் சேதமில்லாமல் இருக்கிறது.

போன ஞாயிறு பழத்தட்டோடு மாமா வந்தார்,
தன் மகனுக்கு என்னைக் கேட்டு.
எனக்குள்ளும் பாதி கறுப்பு உண்டு,
எனக்கு ஒன்றும் செய்யாத பாதி;
கடிதம் அலமாரியில் இருக்கிறது.
நான் வாய் திறக்குமுன்
அம்மா முந்தானையில் கை துடைத்தபடி வந்து நின்றாள்.
பங்குனி என்று கேட்ட அதே அம்மா.
"பையனுக்கு டெஸ்ட் எடுத்தீங்களாண்ணே?"

மாமாவின் காப்பி ஆறிப்போனது.
தம்பி எடுத்துக் குடித்தான்.

மாதம் ஒரு முறை, சம்பள நாளில்,
பார்மசியில் காசு கொடுத்து வாங்கிய கையுறை.
நானே விளக்கில் காட்டி அனுப்பியதாய் இருக்கலாம்.
'ஆ' காட்டுடா.
கன்னத்தின் உட்புறம், ஈறு, மிச்ச நாக்கின் அடி.
டார்ச்சை அவனே பிடிப்பான்
இடது கையின் நாலு விரலால்.
கொஞ்சம் நடுங்கும். பார்க்க முடிகிறது.