மூட்டை எண் அறுபத்தொன்று

கேத்தி பாலாடாவில் இரவு இரண்டு மணிக்குக்
காரட் குளிக்கும்.
இரும்பு டிரம் சுற்றச் சுற்றப்
பள்ளத்தாக்கின் மண் கழன்று
ஓடையோடு போகும்.
லோகிதாசன் நிரப்புவான், சுக்ராம் தைப்பான்,
நான் மூட்டைக்கு எண் போடுவேன்.
அறுபத்தொன்றில் மட்டும்
எண்ணுக்குக் கீழே இரண்டு வரி.

முதலில் எழுதியது மோசம்:
"மண்ணுக்குள்ளே மாலை வெயில்,
மேலே மட்டும் பச்சைத் தலை."
மேட்டுப்பாளையம் போய்த் திரும்பிய
காலிச் சாக்கில் நீல மையில் யாரோ:
"பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு
யார் பிள்ளை என்று கேட்கலாமா?"

சிரித்த சிரிப்பில் கணக்கில் ஒரு மூட்டை தவறியது.

லாரி தனுஷ்கோடியிடம் விசாரித்தேன்.
"மண்டியில எடை பார்க்கிற ஆளு. சம்சுதீன்.
பல்குச்சிய வாயிலேயே வச்சுக்கிட்டு
உன் சாக்கை முன்னயும் பின்னயும் திருப்புறாரு.
லோடு இறக்க லேட்டாகுது, ராசமலர்."

அடுத்ததற்கு ஒரு வாரம் மெனக்கெட்டேன்.
எதுகைக்கு ஆசைப்பட்டால் விடை எட்டிப் பார்த்தது.
இழுத்து மூடினால் பொய்யாகிப் போனது.
பொய்யும் கூடாது, முகமும் தெரியக் கூடாது.
கடைசியில் கை விறைத்த ஒரு ராத்திரியில்:
"கதவைத் தட்டாது, காலடி பதிக்காது,
எதிர்வீட்டைத் தின்றுவிட்டு
எச்சிலை மட்டும் விட்டுப்போகும்."

"மூடுபனி" என்று வந்தது.
கீழே அவருடைய முறை:
"இரண்டு தட்டிலும் சோறில்லை,
நடுவில் நிற்பவனுக்கு வயிறில்லை,
நாக்கு மட்டும் நியாயம் சொல்லும்."
மூன்று நாள் விழித்தேன்.
எங்கள் ஷெட்டில் தராசு எலக்ட்ரானிக்,
சிவப்பு எண்கள்தான் ஓடும்,
அதற்கேது நாக்கு?

ஜனவரியில் என் பழி தீர்ந்தது.
"விதைக்காத உப்பு விடியலில் விளையும்,
வெயில் அறுக்கும், வீடு வந்து சேராது."
உப்பளம் என்றார்.
தப்பு.
இலவம்பஞ்சு என்றார்.
தப்பு, தப்பு.
"மேலே வந்ததே இல்லையா?"
"கல்லாறு வரைக்கும்."

மறுநாள் லாரியின் தார்ப்பாயில்
கெட்டியாய்ப் படிந்திருந்த உறைபனியைக்
கரண்டியால் வழித்து டிபன் டப்பாவில் அமுக்கி
நேற்றைய செய்தித்தாள் இரண்டு சுற்றி
தனுஷ்கோடியின் காலடியில் வைத்தேன்.
"இதென்ன, சட்னியா?" என்றான்.

பதினாலு வளைவு இறங்கி
டப்பா போய்ச் சேர்ந்தது.
சாக்கு முழுக்க எழுதியிருந்தார்:
"அரை டம்ளர் தண்ணி வந்தது.
டிரைவர் குடித்துவிட்டு ரொப்பிவிட்டானென்று
அவனோடு சண்டை போட்டேன்.
டப்பா சில்லென்றிருந்தது, பிறகுதான் புரிந்தது.
இப்போது நீங்கள் சொல்லுங்கள்:
வெள்ளையாய் ஏறியது, வெறுந்தண்ணீராய் இறங்கியது,
அடித்தவர் இல்லை, அழுதவர் இல்லை,
வழியில் உடைந்தது எது?
பனி என்று எழுதாதீர்கள்.
அது இனி எனக்கும் தெரியும்."

ஐந்து நாள் அறுபத்தொன்று வெறும் எண்ணாய்ப் போனது.
வீட்டில் அடுப்புக்கு நேரே நீட்டிய விரல்கள்
ஒவ்வொன்றாய் என்னுடையவை ஆகிக்கொண்டிருந்தபோது
தனுஷ்கோடி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது:
ஹெட்லைட்டை அணைப்பது எப்போதும்
பர்லியாறு தாண்டித்தானாம்.
"இரவு" என்று எழுதினேன்.
எழுதியதும் சந்தேகம் வந்தது. லாரி போய்விட்டது.

பதில் நீல மையில் சுருக்கமாய்:
"தப்பு. ஆனால் என் விடையைவிட நன்றாயிருக்கிறது.
என்னுடையதை அடித்துவிட்டேன்."

கனமாய்த்தான் அடித்திருந்தார்.
குழல்விளக்குக்கு நேரே சாக்கைப் பிடித்துப் பார்த்தேன்.
கோடுகளுக்குள்ளிருந்து ஒரே ஓர் எழுத்து, "கு".
குளிரா?
குன்னூரா?
சுக்ராம் ஊசியில் நூல் கோத்துக் காத்திருந்தான்.
முதலாளியின் இருமல் பக்கத்தில் வந்துவிட்டது.

"நிரப்பு" என்றேன் லோகிதாசனிடம்.
கழுவிய காரட் ஒவ்வொன்றும்
அந்த எழுத்தின் உள்பக்கத்தில்
முட்டி முட்டி விழுந்தது.