ரெண்டு நாலு

பி.எஃப். பக்கத்தைத் திறந்தால் ஸ்கேனர் நின்றுவிடும்.
ஸ்கேனரை எழுப்பினால்
பி.எஃப். பக்கம் வெளுத்துப்போகும்.
முக்கூடலில், எங்கள் வீட்டு முன்னறையில்,
ஆதார் நகலை விசிறியாக்கி ஏழு பெண்கள் காத்திருக்க
திரையில் நீலவளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.
இத்தனை சுற்றுக்கு ஒரு செக்குமாடு
அரைப்படி எண்ணெயாவது தந்திருக்கும்.

"மெமரி பத்தலக்கா" என்றான் கேபிள்காரப் பையன்.
"யாருக்கு?" என்றேன்.

வண்ணாரப்பேட்டை, மாடிக்கடை.
செய்யது மைதீன் கேட்ட முதல் கேள்விக்கே பதில் இல்லை:
"டிடிஆர் மூணா, நாலா?"
அளவு ஜாக்கெட் இல்லாமல் தைக்க வந்தவளைப்
பார்ப்பதுபோல் பார்த்தார்.
மறுபடி பஸ்.
வீட்டில் ஸ்க்ரூ கழற்றி, செல்லில் படம் பிடித்து,
மறுநாள் போய் நீட்டினேன்.
"மூணுதான். வெட்டு எங்கன இருக்கு பாருங்க,
நாலு வாங்கியிருந்தா
தலைகீழா நின்னாலும் உள்ள போகாது."

பழைய ரெண்டு ஜிபியோடு புதுசாய் ஒன்றைச் சேர்க்கலாமா?
சேர்க்கலாம். ஆனால் வேகமானது
மெதுவானதின் நடைக்கு இறங்கிவந்துவிடுமாம்.
அதை எனக்கு விளக்க வேண்டியதில்லை,
என் வீட்டுக்காரரோடு சொரிமுத்தையன் கோயிலுக்கு
நடந்தவள் நான்.
ஒரே அச்சில் ரெண்டு நாலு வாங்கினேன்.
ஏதோ ஒரு பேங்க் கழித்த மிஷினில் இருந்தவை.
ஆயிரத்து நூறு.
ஆறு மாசம் கேரண்டி, வாய்வார்த்தையாக.

ஒயரைப் பிடுங்கிவிட்டு
முதலில் இரும்பைத் தொடச் சொல்லியிருந்தார்,
கோயிலுக்குள் போகுமுன் கால் நனைப்பதுபோல்.
தொட்டேன்.
மூடியைத் திறந்தால் புகையிலைத் தூள்.
விசிறி இறக்கைகளில் பழுப்பாய், அப்பிக்கொண்டு.
எட்டு வருசமாய் இந்த அறையில் சுற்றின பீடியை எல்லாம்
ஒரு வார்த்தை சொல்லாமல் இதுவும் இழுத்திருக்கிறது.
நாலு தும்மல்.
மூலையில் பல்லி முட்டைத்தோடு, பொரித்துப் போனது.

கொக்கிகளை விலக்கினேன்,
பழையது ஆடின பல் மாதிரி வந்துவிட்டது.
புதியதை வெட்டுப் பார்த்து நிறுத்தி
ரெண்டு பெருவிரலாலும் பைய அழுத்தினேன்.
பைய அழுத்தினால் ஏறாது.
உடையப் போகுது என்று நெஞ்சு சொல்லும் இடத்துக்கும்
ஒரு நூல் தாண்டி அழுத்த வேண்டும்.
அப்புறம்தான் அந்த டக்.

சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பு.
பீப். பீப். பீப்.
மகளின் டப்பாவிலிருந்து பென்சில் ரப்பர் எடுத்து
அந்தப் பொன்பல் வரிசையைத் தேய்த்தேன்,
தப்பாய்ப் போட்ட கணக்கை அழிப்பதுபோல.
மறுபடி டக். இன்னொரு டக்.
எட்டு என்று காட்டியது.
உட்கார்ந்திருந்த ஏழு பேரும்
ஏதோ பிள்ளை பிறந்ததுபோல் எழுந்து வந்து பார்த்தார்கள்.

முதல் ஆள் முப்பிடாதி.
ஆதாரில் முப்பிடாதி, பாஸ்புக்கில் முப்புடாதி,
கம்பெனிச் சீட்டில் முப்டாதி.
பிறந்த தேதியும் மூன்று.
"எதுட்டி சரி?"
"பெருவெள்ளத்தப்போ எங்கம்மா
என்னைய வயித்துல வச்சிக்கிட்டு மச்சுல ஏறுனா.
அதுலருந்து எண்ணிக்கோ."
மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்துவைத்தேன்.
எதுவும் நிற்கவில்லை, எதுவும் வெளுக்கவில்லை.
மனுவில் பாதி ஏறியிருக்கும்,
கரண்ட் போனது.

எட்டு ஜிபியும் ஒரே நொடியில் வெறிச்.

இருட்டில் அவள் கை மேசையைத் துழாவியது,
கழற்றிவைத்த பழையதை எடுத்தாள்.
"எங்க எல்லார் பேரும் இதுக்குள்ள கெடக்குமோ?"
"ஒண்ணும் கெடக்காது.
கரண்ட் நின்னா அது எல்லாத்தையும் மறந்துரும்."

"குடுத்து வச்சது" என்றாள் முப்பிடாதி.

விரலால் அதன் பல்வரிசையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.
விளக்கு வந்ததும் திரும்ப என்னிடம் தந்தாள்.
"சரி, முதல்லருந்து கேளு."