அரை டம்ளர்

அரசாங்க ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம்
கம்பவுண்டர் கிறுக்கித் தந்த நம்பர்
பதினொரு நாள் சட்டைப்பையில் கிடந்தது.
நடுவில் ஒருமுறை சட்டையோடு ஊறி
கடைசி எண் மூன்றா எட்டா என்றாகிவிட்டது.
மூன்றைப் போட்டேன். கோழித்தீவனக் கடை.
எட்டைப் போட்டேன்.
"சொல்லுங்க" என்றது ஒரு குரல்.
நான் சொல்லும்வரை
வேறெதுவும் கேட்கவில்லை.

கடைசியில் வழி மட்டும் கேட்டேன்.
"சேலம் ரோட்டு டாஸ்மாக் தெரியுமுங்களா?"
கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேருவேன்.
"தெரியுமுங்க."
"அதுக்கு நேரெதிர் சந்து. ரெண்டாவது மாடி, டியூசன் சென்டர்.
போர்டு கெடையாது.
படிக்கட்டுல செருப்புக் கெடக்கும், அதான் அடையாளம்."

பொழுதோட ஆறரை மணி.
திருச்செங்கோட்டில் இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும்
இருபது தப்படி இருந்தால் அதிகம்.
ரிக் வண்டியில் ராய்ப்பூர் தாண்டிப் போனவன்
நடு ரோட்டில்
ஆரன் அடிக்க அடிக்க நின்றேன்.
சுண்டல் போடுகிற பையன் அங்கிருந்து கை காட்டினான்,
"ஏனுங்ணா, வழக்கமானதுதானே?"

சந்துக்குள் போனேன். திரும்பி வந்தேன்.
மறுபடி போனேன்.
ஆறு சோடி ஆம்பளைச் செருப்பு.
ஒரு சோடி பொம்பளைச் செருப்பு, வாரில் ஊக்குக் குத்தியது.
அப்புறம் தனியாக
ஒரே ஒரு வலதுகால் செருப்பு.
இடது எங்கே என்று
யோசித்துக்கொண்டே மேலேறிவிட்டேன்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது
ஊன்றுகட்டை.

மூன்றாம் வகுப்புப் பெஞ்சு. முட்டி தாடையை இடிக்கிறது.
ஏழாம் வாய்ப்பாடு ஏழேழுவோடு அழிந்திருந்தது.
மில்லில் கோன் மூட்டைக்குள் குவார்ட்டரை ஒளித்து,
எந்த மூட்டை என்று மறந்து,
லோடு முழுக்கக் கரூர் போய்விட்ட கதையைப்
பாவாயக்கா சொன்னார்.
யாரும் சிரிக்கவில்லை.
அவரே சிரித்த பிறகு
எல்லோரும் சிரித்தோம்.

"பேரு மட்டும் போதுமுங்க" என்றார்கள்.
"அர்த்தநாரி" என்றேன்.
கேட்காமலே "ரிக்குல டிரில்லர்" என்றும் சொன்னேன்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருத்தர் நிமிர்ந்தார்.
"எங்க காட்டுல ரெண்டு போரு போட்டது நீங்கதானுங்க.
எண்ணூத்தம்பது. அப்பறம் தொள்ளாயிரத்து இருவது.
ரெண்டுலயும் பொகைதான்."

காளியண்ணன்.
அன்றைக்கு அவர் நகை அடகுச் சீட்டை
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
ஆறு நூறிலேயே எனக்குத் தெரியும்,
வெள்ளைப் பாறை, அடியில் ஈரமில்லை.
அடிக்கு இவ்வளவு என்று கூலி.
வயிற்றில் காலையிலேயே ஊற்றியது.
"இன்னொரு நூறு பாக்கலாமுங்க" என்றேன்.
பொய்யென்று தெரிந்தே சொன்னேன்.
நாக்குக் குழறியதால் இரண்டு தடவை சொன்னேன்.

இதை அங்கே சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை.
அவர் நகர்ந்து இடம் விட்டார்.
அவ்வளவுதான். மன்னிப்பா என்ன என்று
எனக்குத் தெரியாது.

டீ வந்தது. எல்லோருக்கும் ஒரு டம்ளர்,
எனக்குப் பாதி.
முகத்தில் எழுதியிருந்தது போல.
ஊற்றியவர் சொன்னார்,
"புதுசா வர்றவங்களுக்கு அரைதானுங்க.
கை ஆடி மேல கொட்டிக்குவீங்க."
இரண்டு கையாலும் பிடித்தேன்.
எழுநூறு அடியில் குழாய் சிக்கினாலும்
லீவரை ஆடாமல் பிடித்த கை,
அரை டம்ளருக்குக் கடகடத்தது.
காளியண்ணன் டம்ளரை ஓரக்கண்ணால் பார்த்தேன்.
முக்கால் இருந்தது.

இறங்கும்போது கரண்ட் போயிருந்தது.
எதிர்க்கடை மட்டும் இன்வெர்ட்டரில் பளிச்சென்று.
இருட்டில் காலால் துழாவித்
தட்டுப்பட்டதை மாட்டிக்கொண்டு
அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

சூரியம்பாளையம் தாண்டித்தான் உறைத்தது,
வலது பெருவிரல் வாரில் இடிக்கிறது.
கழற்றிப் பார்த்தேன்.
என்னுடையது இல்லை.

வியாழக்கிழமை
கொண்டுபோய்க் கொடுக்கணும்.