மூன்றடி வடக்கே

பத்தொன்பதாம் நாள் மாலை
வெர்ல் சட்டைப்பையிலிருந்து
நான்காய் மடித்த காகிதத்தை எடுத்து வாசித்தான்:
'ஜூனிப்பர் மரத்திலிருந்து
மூன்றடி வடக்கே.'

நிமிர்ந்து பார்த்தோம்.
அந்த மேட்டில் நாற்பது ஜூனிப்பர்கள் நின்றன.

மார்ச்சில் லாரியில் வந்து
அவன்தான் புதைத்தான்
இரண்டு வாளி, முப்பது லிட்டர் தண்ணீர்.
அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது.
நான் வண்டிக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு
குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தேன்.
அதை அவன் இப்போது சொல்லவில்லை.
சொல்லாததும் எனக்குக் கேட்டது.

எஸ்கலான்டேயில் இருபத்தாறு வருடம்
ஆணியும் குழாயும் விற்றவன்.
எந்தத் திருகுக்கு எந்த மரை என்று
கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவான்.
கடையை விற்ற வாரமே தராசு வாங்கினான்.
என் பல்துலக்கியின் காம்பைப் பாதியில் அறுத்தான்,
பதினோரு கிராம் மிச்சம் என்று.
வரைபடத்தின் வெள்ளை ஓரங்களை வெட்டினான்,
தேநீர்ப் பைகளின் நூல்களையும்.
மரத்தில் ஒரு துணி கட்ட மட்டும் மறந்துவிட்டான்.

தோண்டினோம்.
சாண் நீள அலுமினியக் கொத்தியால்
ஒரு மரம், அடுத்த மரம், அதற்கடுத்தது.
கறுத்துப் பொருக்குத் தட்டிய மண் அது,
உயிருள்ள மண்.
அதன்மேல் கால் படாமல்
பாறை பாறையாய்த் தாவ
எனக்குப் பழக்கியவனே அவன்தான்.
அன்று இருவரும் மிதித்தோம்.

பதினேழாவது மரத்தடியில்
மூடியில்லாத வாளி.
விளிம்பெல்லாம் எலிப்பல்.
உள்ளே மணலும் ஒரு பல்லியின் எலும்பும்.
இன்னொன்று கிடைக்கவே இல்லை.

கத்தினேன்.
எதிரே சிவந்த சுவர் என் குரலை வாங்கி
கொஞ்சம் பொறுத்துத் திருப்பித் தந்தது,
பெயரை விட்டுவிட்டு, வசவை மட்டும்.
அவனுக்கு இடது காது கேட்காது.
நான் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன்.
மலை தன்னைத் திட்டுகிறது
என்று நினைத்திருப்பான்.

இரவு
ஆளுக்கு இரண்டு மடக்கு மிச்சம்.
அவன் பையின் அடியில், மழைச்சட்டைக்குள் சுருட்டி,
ஒரு தகர டப்பா.
பீச் பழம். எண்ணூறு கிராம்.
பத்தொன்பது நாள் சுமந்திருக்கிறான்.
"ஞாயிற்றுக்கிழமைக்கு" என்றான்.
ஞாயிறு என்ன நாள் என்று
நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள்
திறந்துவிட்டான்.

பாகை மாற்றி மாற்றிக் குடித்தோம்.
தாகம் தணியவில்லை, கூடியது.
விரலெல்லாம் பிசுபிசுத்து
கூடாரத்துக்குள் எறும்பு வந்தது.
எதற்கென்று தெரியாமல் சிரித்தேன்.
உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

விடியுமுன் கிளம்பினோம்.
தோள் உரசும் அகலத்தில் ஒரு பாறைப் பிளவு.
கயிற்றில் முதலில் பைகளை இறக்கினோம்.
கீழே நின்று என் பாதத்தைப் பிடித்து
பிடிமானம் பிடிமானமாய் வைத்தான்,
ஆணி இறங்கும் இடத்தைப் பென்சிலால் குறிப்பவன்போல.
இருவரும் பேசவில்லை.

பிளவு முடிந்த இடத்தில், ஒரு குழியில்,
போன மாதத்து மழை.
பச்சையாய்.
லாடம் போன்ற சிற்றுயிர்கள் அதில் நீந்தின.
வெயில் குழியைக் குடித்து முடிப்பதற்குள்
பிறந்து, கூடி, முட்டையிட்டாக வேண்டும் அவற்றுக்கு.
கைக்குட்டையில் வடிகட்டினேன்.
துணியில் தங்கியவற்றை ஒவ்வொன்றாய்
அவன் திரும்ப விட்டான்.
"பாவம், அவசரத்தில் இருக்கின்றன."

குடித்தோம்.
கல் ருசி, ஆட்டு ருசி.
இன்னும் ஒரு குவளை.

மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது
நாற்பது மரமும் ஒரே மரமாய்த் தெரிந்தன.
இன்னும் முப்பத்தெட்டு நாள்.
அவனுடைய வலப்பக்கம் மாறிக்கொண்டு கேட்டேன்:
"அடுத்த வாளி எங்கே?"
"காற்றாலைக்குப் பக்கத்தில்."
"அங்கே ஒரே காற்றாலைதானே?"

யோசித்துக்கொண்டே நடந்தான்.