தலையணைக் கணக்கு

சூரமங்கலத்தில் மருந்துக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
இரவு ஒன்பதரை.
தட்டுவடை செட் தின்ற விரலைத் துடைத்துவிட்டு
ஹெட்போனை மாட்டுகிறேன்.
எல் பாசோவில் காலை பத்து மணி.
தோன் ஃபெர்மீன் இந்நேரம்
எடை பார்த்து முடித்திருக்க வேண்டும்.

நூற்று அறுபத்தெட்டு பவுண்டு, என்றார்.
நேற்றும் அதே. முந்தாநாளும் அதே.
மூன்று நாள் ஒரே எண்ணில் நிற்கிற எடையை
நான் நம்புவதில்லை.
மெஷின் பொய் சொல்லாது.
அதில் ஏறாத கால் சொல்லும்.

என் ஸ்பானிஷ்
கோரிமேட்டில் ஆறு மாதம் மாலை வகுப்பில் படித்தது.
அதில் எனக்குக் காய்கறி பேரம் பேச வராது,
யாரையும் திட்ட வராது.
மூச்சு, வீக்கம், மாத்திரை, சிறுநீர், உப்பு,
இந்த ஐந்தும் மட்டும் தண்ணீர் பட்ட பாடு.

எத்தனை தலையணை வைத்துத் தூங்கினீர்கள்?
ஒன்று.
பிறகு, இரண்டு.
பிறகு, தாவா, நீ போலீஸா?
(தவமணி அவர் வாயில் நுழையாது.)
செருப்பு காலில் நுழைகிறதா?
என் வீட்டில் நான் வெறுங்காலோடு இருப்பேன்.

சரி, ஒரே மூச்சில் பத்து வரை எண்ணுங்கள்.
ஊனோ, தோஸ், த்ரேஸ்,
குவாத்ரோ,
சிங்கோ
ஆறு வரவில்லை.
ஆறு இருக்க வேண்டிய இடத்தில்
ஈரமாய் ஒரு சத்தம்,
அரைக்குடம் தண்ணீரோடு யாரோ படியேறுவது போல.

அப்போது பார்த்து ஜங்ஷனிலிருந்து
ஏற்காடு எக்ஸ்பிரஸ் கூவியது.
ஜன்னல் சாத்தியிருந்தும் உள்ளே வந்துவிட்டது.
ரயிலா, என்றார். குரல் மாறிவிட்டது.
முப்பது வருஷம் தண்டவாளம் போட்டவன் நான்.
அது டீசல் இல்லை, மின்சாரம். எந்த ஊர் நீ?

சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி.
சேலம், என்றேன்.
சாலேமா? அவர் மொழியில் சால் என்றால் உப்பு.
உப்பு ஊரில் உட்கார்ந்துகொண்டா
எனக்கு உப்பு கூடாதென்கிறாய்,
என்று சிரிக்கத் தொடங்கி
சிரிப்பு இருமலாகி
இருமலின் அடியில் உண்மை வந்தது.
சனிக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். தமாலே.
எத்தனை?
யார் எண்ணினார்கள்.
மூன்று ராத்திரியாக நாற்காலியில்தான் தூக்கம்.
எடை நூற்று எழுபத்து நான்கு.

ஆறு பவுண்டு.
சதையில்லை, தண்ணீர்.
படிவத்தில் தலையணைக் கட்டம் எண்ணை மட்டுமே ஏற்கும்.
நாற்காலி என்று அடித்தால் சிவப்பாகிறது.
நாலு என்று போட்டேன்.
டாக்டருக்கு அவசரக் குறி.
இன்னொரு லைனில் மகள் அராசெலி,
வேலையிலிருந்து கிளம்பிவிட்டாள், இருபது நிமிஷம்.

அவள் வரும்வரை வைக்கவில்லை.
அறையின் அடுத்த மூலையில் ராஜசுலோசனா
கைக்கடிகாரத்தைக் காட்டிக் கண்ணை உருட்டினாள்:
இன்னும் பதினோரு பேர் பாக்கி.
பேசாதீர்கள், சாய்ந்து உட்காருங்கள், என்றால்
அவர் கேட்கிற ஆளா.

உன் ரயில் எங்கே போகிறது?
சென்னைக்கு. விடியலில் போய்ச் சேரும்.
படுத்துக்கொண்டு போவார்களா?
படுத்துக்கொண்டுதான்.
நீட்டி, தட்டையாக?
ஆமாம்.

கொடுத்துவைத்தவர்கள், என்றார்.
அந்தப் பக்கம் கதவு திறந்தது.