காரணம் என்ற கட்டம்

முன்னூறு ஓம் என்றார்,
வியாதியின் பெயரைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி.
துண்டில் சுற்றிய ஹெட்போன்.
செத்துப்போன ஒலிப்பதிவாளர் ஒருவரின் சாமான்களோடு
ஏலத்தில் வந்ததாம்.
மடிக்கணினியில் செருகினால்
பாட்டு பக்கத்து வீட்டில் நடக்கிறது.
மௌஸை நகர்த்தினால் காதுக்குள் ஓர் ஈ.
கை நின்றால் ஈயும் நிற்கிறது.

வூச் நகரத்து டிராம் பணிமனையில்
சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி
விரிசல் எங்கே என்று சொல்கிறவர் ஸெமோவித்.
ஈயோடு குடித்தனம் நடத்த அவரால் ஆகாது.

நான் யாக்னா. பத்தொன்பது வருடமாகக்
கம்பியும் பெட்டியும் விற்கிறேன்.
ஒன்று சொல்கிறேன், முதலாளியிடம் சொல்லாதீர்கள்:
இரண்டு ஆம்ப்ளிஃபயரில் ஒன்றைக் கடுகளவு கூட்டி வைத்தால்
வந்தவர் அதைத்தான் "உயிர் இருக்கிறது" என்பார்.
விலை கூடினதைத்தான் கூட்டி வைப்போம்.

அன்றைக்கு மழை. கடையில் வேறு ஆளில்லை.
எந்தப் புண்ணியத்துக்கோ
வோல்ட்மீட்டரை எடுத்து மூன்றையும் சமப்படுத்தினேன்.
முதலாவது கரகரத்தது, தள்ளிவிட்டார்.
மற்ற இரண்டையும் மாற்றி மாற்றி,
கண்ணை மூடி, தொப்பியைக் கழற்றி,
முக்கால் மணி நேரம்.
"ரெண்டும் ஒண்ணுதானே?"
"ஒண்ணுதான்."
"அப்புறம் ஏன் தொள்ளாயிரம் ஸ்வோட்டி வித்தியாசம்?"
அலுமினியம் என்றேன்.
இரண்டு குமிழையும் திருப்பிப் பார்த்தார்.
எண்ணெயில் ஊறினாற்போல் திரும்பியதை எடுத்துக்கொண்டார்,
தொள்ளாயிரமும் சேர்த்து.

திருப்பிக் கொடுக்கப் பதினான்கு நாள் என்பது கடை விதி.
பதின்மூன்றாம் நாள் வந்து நின்றார்.

பழுதா? இல்லை.
ஈ? செத்துவிட்டது.
"அது இருந்த இடத்தில் இப்போது
கறுப்பாக ஏதோ இருக்கிறது. அதில் எல்லாம் கேட்கிறது."

தொண்ணூற்றாறில் ஒரு சாய ஆலையின் கொதிகலன் அறை.
ஐந்து பையன்கள், ஒரே ஒரு கேசட்.
ஸெமோவித் பேஸ் கிதார்.
பிற்பாடு அதைக் கணினியில் ஏற்றி
மனைவி தோப்ரோஹ்னாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்,
மைத்துனனுக்கு, பல் மருத்துவருக்குக்கூட:
"அடியில் ஓர் உறுமல் கேட்கிறதா? அதுதான் நான்."

ஹெட்போனை என் தலையில் மாட்டினார்.
டிரம். இரண்டு கிதார்.
சுருதியைத் தாண்டி ஓடும் ரெமிகியூஷின் தொண்டை.
யாரோ ஒருவரின் ஜிப்.
எல்லாவற்றுக்கும் கீழே அந்த உறுமல்.
பாட்டு வேறு சுரத்துக்குத் தாவியது. உறுமல் தாவவில்லை.
பாட்டு முடிந்தது. உறுமல் முடியவில்லை.
மூன்று வினாடி கழித்து யாரோ சுவிட்சைத் தட்ட
அப்போதுதான் அடங்கியது.

"ஐம்பது ஹெர்ட்ஸ்," என்றேன்.
"தெரியும். டிராமுக்கடியில் தினமும் கேட்கிறேன்."
துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
"வயரைப் பிடுங்கினார்களா,
நானே செருகவில்லையா, அதுதான் தெரியவில்லை.
விரலெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது அன்றைக்கு."

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுகளையோ தெருவுக்கு அடியில் குழாயில் விட்டுவிட்டோம்.
இதை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்து
சொல்லவில்லை. படிவத்தை நீட்டினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
கட்டைப் பேனாவால் எழுதினார்: தெளிவு அதிகம்.

பிறகு கீழ்த்தட்டைக் காட்டினார்,
தூசி படிந்த சிவப்புப் பெட்டி.
"முன்னால் பெரிய துளை எதற்கு?"
கிதார் செருக.
பொய் சொல்ல மனம் வரவில்லை:
இதன் ஹெட்போன் பக்கம் நோஞ்சான்.
உங்கள் முன்னூறு ஓமுக்குக் குமிழைக் கடைசிவரை முறுக்கவேண்டும்,
ஈயும் ஓரளவு திரும்பி வரும்.
"வரட்டும்."

பாதி விலைதான்.
மிச்சத்தில் மூன்று மீட்டர் கேபிள் கேட்டார்.
செருகி,
இரண்டு முனையையும்
இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.